குச்சனூரும் கோளறு பதிகமும்



கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூர்க்கு அணித்தாய்ச் சுரபி நதிக்கரையில் அமைந்த ஊர் குச்சனூர். 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்த தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏனைச் சிவாலயங்களில் நவக்கிரக வரிசையில் ஒருவராகவும், திருநள்ளாற்றில் இறைவன் திருமுன் வாயிற்புறத்தும் நிற்கும் சனிபகவான், இங்கே சுயம்பு மூர்த்தியாய்த் தாமே மூலத்தானத்தில் எழுந்தருளியிருக்கின்றார். ஆடித்திங்கட் சனிக்கிழமைகளில் நிகழும் பெருவிழாவிற்கு நாட்டின் பல பாகங்களினின்றும் மக்கள் வந்து கூடுவர். ஆற்றில் மூழ்கி, எள்விளக்கிட்டு, காக்கைக்குச் சோறிட்டு வழிபடுவர். அவருட் பெரும்பாலோரை அவ்வூர்க்கு அழைத்து வருவது அச்சம். அவ்வச்சத்தை அவர் நெஞ்சில் விதைத்ததோ ஒரு சொல். ‘ஏழரை பிடித்திருக்கிறது’ என ஒருவன் கூறிய அளவிலே, நேற்றுவரை இயல்பாய்த் தோன்றிய தலைநோவும் கடன்சுமையும் வேறொரு நிறங்கொண்டு விடுகின்றன. வானத்திற் கோள் இருந்தபடியே இருக்க, மாறியது கேட்டவன் உள்ளமேயாம். சொல் ஒன்று கேட்போரை இவ்வாறு வயப்படுத்துமாறு எங்ஙனம்? அச்சத்தை விளைத்த சொல்லுக்கு மாற்றாவதும் சொல்லேயாமோ? இவ்வினாக்களைச் சைவ வரலாற்றில் வைத்து ஆராய்தற்குக் குச்சனூர் ஏற்ற இடமாகும். என்னையெனின், அவ்வூர்த் தலவரலாறே ஒரு சொல்வன்மையின் கதை.

தினகரன் என்னும் அரசன் மகப்பேறின்றி வருந்தினான். இல்லந்தேடி வரும் சிறுவன் ஒருவனை எடுத்து வளர்ப்பின், அதன் பின்னர் மகன் பிறப்பான் என வானொலி எழுந்தது. அங்ஙனம் வந்த சிறுவனுக்குச் சந்திரவதனன் எனப் பெயரிட்டு வளர்த்தனர். பின்னர் அரசிக்கும் ஒரு மகன் பிறந்தான். ஆயினும் வளர்ப்பு மகனே அறிவிற் சிறந்தோனாதலின் அவனுக்கே முடி சூட்டப்பெற்றது. அக்காலை தினகரனை ஏழரைச் சனி பற்றிப் பெருந்துயர் விளைத்தது. சந்திரவதனன் சுரபி நதிக்கரையை அடைந்து, இரும்பினாற் சனியின் உருவம் அமைத்து வழிபட்டு நின்றான். சனிபகவான் தோன்றி, முற்பிறப்பின் வினைக்கேற்பவே இப்பிறப்பில் இன்பதுன்பங்கள் வருகின்றன என விளக்கினார். அதற்கு அவன், ஆதரவற்று வந்த தன்னை மகனாய் எடுத்து நாடும் தந்தவர்க்கு உரிய துன்பத்தைத் தனக்கே தருமாறு வேண்டினான். சனி உளமிரங்கி, ஏழரை நாழிகைக் காலம் மட்டும் அவனைப் பற்றி நீங்கினார். பின்னர் அவ்விடத்தில் அவர் சுயம்புவாய் எழ, குச்சுப்புல்லாற் கூரை வேய்ந்து கோயில் எடுத்தமையின், செண்பகநல்லூர் என்னும் பழம்பெயர் மாறிக் குச்சனூர் ஆயிற்று என்ப.

தலவரலாறுகளை எழுத்தெழுத்தாய் வரலாறெனக் கொள்வாரும், வெறுங்கதையென எறிவாரும் உளர். இரண்டும் அவசரம். இக்கதையைப் பேணிய மக்கள், சொல்லின் ஆற்றலை எவ்வாறு கருதினர் என்பது இதனால் விளங்குகின்றது. அதுவே ஈண்டைக்கு வேண்டப்படுவது. சந்திரவதனன் வேண்டுகோளை நோக்குக. அவன் வினையை மறுத்திலன். சனியின் செயலை அநீதி என்றிலன். துன்பத்தை அடியோடு நீக்குமாறும் கேட்டிலன். வினைக்கு நேராக அளந்து கொடுப்பதே சனியின் தொழில். அத்தொழிலினின்றே அவன் தன் வாதத்தை எடுத்தான். நன்றிக்கடன் பட்டவன் கடன் தீர்க்க முன்வருவானாயின், நீதி தவறாத தலைவன் அதனை மறுத்தல் எங்ஙனம்? கேட்போன் எதனைத் தன் அறமாகக் கொண்டானோ, அதன்மேலேயே சொல்வோன் காலூன்றி நின்றான். முடிவில் ஏழரை என்னும் எண்ணும் மாறவில்லை. ஆண்டு நாழிகையாயிற்று, அவ்வளவே. ஏழரை நாழிகையாவது 3 மணி நேரம்.

திருவள்ளுவர் சொல்வன்மையை அமைச்சியலில் வைத்தார். அவையறிதல், அவையஞ்சாமை என்னும் அதிகாரங்களையும் அவ்வியலிலேயே அமைத்தார். கேட்டாரையும் கேளாரையும் ஒருங்கே ஈர்ப்பதே சொல் என அவர் இலக்கணம் வகுத்த குறளுக்குப் பரிமேலழகர் கூறும் உரை நுண்ணிது. கேட்டார் என்பதற்கு நட்பாய் ஏற்றுக்கொண்டார் எனவும், கேளார் என்பதற்குப் பகையாய் நின்றார் எனவும் அவர் பொருள் கொண்டார். எனவே, முன்னரே உடன்பட்டவனைத் தலையசைக்கச் செய்வது சொல்வன்மையிற் பாதியேயாம். மாறுபட்டு நிற்பவன் அம்மாறுபாடு நீங்கி வருமாறு சொல்லுதலே மற்றைப் பாதி, அரியதும் அதுவே.

சைவ வரலாற்றில் இதற்கு உதாரணம் கேட்பின், திருஞானசம்பந்த சுவாமிகள் மதுரையிற் சமணரை வென்ற வாதத்தையே பலரும் காட்டுவர். ஆயின், மதுரையில் நிகழ்ந்தவை பாண்டியன் வெப்பு நோய் தீர்த்தலும், அனல்வாதமும், புனல்வாதமும் ஆம். அனலில் இட்ட ஏடு பசுமையாய் இருந்ததும், வைகையில் இட்ட ஏடு எதிரேறியதும் திருவருட்செயல்கள். அவற்றைச் சொல்வன்மையின் பாற்படுத்தல் பொருந்தாது. சொல்வன்மை நிகழ்ந்த இடம் அதற்கு முன்னர், திருமறைக்காட்டில். அங்கே அவையிற் கேட்பவராய் இருந்தவர் ஒருவரே, அவர் திருநாவுக்கரசர். பேச்சின் பொருள், குச்சனூரில் இன்று மக்கள் அஞ்சும் அதே பொருள், கோள்.

மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பை ஏற்றுப் பிள்ளையார் பாண்டிநாடு செல்லத் துணிந்த போது, நாவரசர் தடுத்தார். சமணர் செய்யும் கொடுமைக்கு எல்லையில்லை என்றும், கோள்நிலையும் நன்றாயில்லை என்றும் அவர் கூறியதாகச் சேக்கிழார் பெருமான் தெரிவிக்கின்றார். கூறியவர் யாவர்? தாமே சமண சமயத்தில் தருமசேனராய் இருந்தவர். அதனை விட்டமையால் நீற்றறையும் நஞ்சும் மதயானையும் கல்லொடு கடலும் கண்டவர். கேள்வியளவில் அஞ்சிப் பேசும் பேதை அல்லர். முதியவர், பட்டறிந்தவர், அன்பினால் தடுக்கிறவர். இத்தகையாரைச் சொல்லால் இணக்குதல் பகைவரை இணக்குதலினும் அரிது.

பிள்ளையார் விடையாக அருளியதே பியந்தைக்காந்தாரப் பண்ணில் அமைந்து, இரண்டாந் திருமுறையில் 85-ஆம் பதிகமாக விளங்கும் கோளறு பதிகம். அதன் அமைப்பைப் பதினொரு பாடல்களிலும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். கோள் இல்லை என்றேனும், சோதிடம் பொய் என்றேனும் ஓரிடத்தும் சொல்லப்படவில்லை. நாவரசர் கூறியதைப் பிள்ளையார் முற்ற ஏற்றுக்கொள்கின்றார். ஞாயிறு முதலாகப் பாம்பிரண்டும் ஈறாகக் கோள்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். அடுத்துத் தீய நாள்மீன்களை எண்ணுகின்றார். அதன் மேலும் நில்லாது காலனையும் நமன்தூதரையும், அவுணரையும் இடியையும் மின்னலையும், புலி, யானை, கரடி முதலிய கொடு விலங்குகளையும், வெப்பு குளிர் வாத பித்தங்களையும் அடுக்கிச் செல்கின்றார். அஞ்சுதற்குரியன என நாவரசர் குறித்தவை இரண்டு. பிள்ளையார் காட்டுவனவோ மிகப் பல. அச்சத்தைக் குறைக்க வேண்டியவர் அதனைப் பெருக்குகின்றாரே எனின், அற்றன்று. பட்டியல் நீள நீள, சனியும் செவ்வாயும் அதிற் பத்தோடு பதினொன்றாய்ச் சிறுத்துப் போகின்றன. மலையை அருகில் வைத்தால் குன்று தானே சிறிதாகும். குன்றைக் கல்லியெறிய வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு பாடலும் முன்னே ஏதுவும் பின்னே முடிவுமாக நடக்கின்றது. இறைவன் அம்மையோடு கூடித் தம் உள்ளத்தினுள் புகுந்தமை ஏது. ஆதலால் இவையெல்லாம் அடியார்க்கு நல்லனவே என்பது முடிவு. நன்மை குறித்த ஒரு சொல்லே இரட்டித்துப் பெரும்பாலான பாடல்களில் வருகின்றது. மறித்து மறித்துக் கூறல் குற்றமன்றோ எனின், அறிவுறுத்தற்கண் அது குற்றமன்று. அஞ்சிய நெஞ்சிற்கு ஒருமுறை கூறல் போதாது. குழந்தையைத் தட்டி உறங்க வைக்கும் தாய், ஒரே தட்டோடு கையை எடுப்பதில்லை. இங்கே தாயின் தொழிலைச் செய்தவர் பிள்ளையாகவும், தேற்றப்பெற்றவர் அப்பராகவும் இருந்தமை சுவைத்தற்குரியது.

மூன்றாவதே தலையாயது. இப்பதிகத்தில் நாவரசர் அறியாத செய்தி ஒன்றும் இல்லை. பல்லவன் ஏவிய யானை எதிரே வந்தபோது, தமக்கு அஞ்சத்தக்கதும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை எனப் பாடியவர் அவரே. அவர் தம் பொருட்டு அஞ்சாதவர். பிள்ளையார் பொருட்டே அஞ்சினார். அன்பு அவர் அறிந்ததைச் சற்று மறைத்தது. பிள்ளையார் அதனை இடித்துக் கூறாமல், நாவரசர் தம் வாழ்வில் மெய்யெனக் கண்டதையே தம் பாட்டாக்கி அவர் செவியில் ஏற்றினார். கேட்டவர் உடன்பட்டது புதிய கருத்திற்கு அன்று; தம் பழைய துணிவிற்கே. சந்திரவதனன் சனியின் அறத்தினின்றே வாதத்தை எடுத்தான். பிள்ளையார் அப்பரின் அனுபவத்தினின்றே விடையை எடுத்தார். சொல் எங்கே வென்றதெனினும், கேட்போன் உள்ளத்தில் முன்னரே இருந்த ஒன்றை எழுப்பியே வென்றது. எழுப்பப்பட்டது அச்சமா, துணிவா என்பதே பின்னர் ஆராய வேண்டுவது.

நாவரசர் கணிப்புப் பொய்த்ததா எனின், பொய்க்கவில்லை. மதுரை அடைந்த அன்றிரவே பிள்ளையார் திருமடத்திற்குத் தீ வைக்கப்பட்டது. கோளறு பதிகத்தைக் காப்புக்கயிறு போலக் கருதுவார் இவ்விடத்தை மறந்து விடுகின்றனர். துன்பம் வாராது என அப்பதிகம் கூறவில்லை. வருவதும் நன்மையாகவே முடியும் என்றே கூறிற்று. அத்தீயைப் பாண்டியனிடம் செலுத்தும் போதும், மெல்லச் செல்லுமாறு பிள்ளையார் பணித்தார். அதற்கு மங்கையர்க்கரசியார் மங்கல நாண் முதலாகச் சேக்கிழார் காட்டும் காரணங்கள் அன்பர் அறிந்தனவே. தீயே வெப்பு நோயாயிற்று. நோயே மன்னன் மனமாற்றத்திற்கு வழியாயிற்று.

வாதத்தின் பயன் எத்துணை என்பதனையும் அளவறிந்தே கூறல் வேண்டும். 7-ஆம் நூற்றாண்டின் மதுரை வெற்றியோடு பாண்டிநாட்டிற் சமணம் வேரற்றது எனப் பிரசங்கங்களிற் கூறுவதுண்டு. குச்சனூர்க்கு அண்மையதாகிய உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் காணப்படுகின்றன. வட்டெழுத்துச் சாசனங்களும் உடன் உள்ளன. அவை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தன என்பர் ஆராய்ச்சியாளர். ஏடு எதிரேறி அடைந்த திருவேடகத்திற்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் நீரெல்லாம் வந்து சேரும் அவ்வைகையின் மேற்றிசை நாட்டில், இருநூறாண்டின் பின்னும் சமண முனிவர் தவஞ்செய்திருந்தனர். அரசன் மனமாறுதல் ஒரு நாளில் நிகழும். நாடு மாறுதற்குத் தலைமுறைகள் வேண்டும். கல் கூறும் சான்றை மறைத்துப் பேசுதல் பிள்ளையார் பெருமைக்கு ஏற்றம் தருவதன்று.

இனிச் சித்தாந்த நூல்களின்வழி இதனை நோக்குவாம் எனின், கோளறு பதிகத்தின் நடைக்கும் சிவஞானபோதத்தின் நடைக்கும் உள்ள உறவு வெளிப்படும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் பன்னிரு சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு எனப் பகுத்து நிறுவினார். பாட்டில் இசையோடு வந்த ஏதுவும் முடிவும், அங்கே சாத்திரமாய் வரையறை பெற்றன. அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் பரபக்கத்தை முன் வைத்தது மற்றொரு நுட்பம். மாற்றார் கொள்கையை அவர் வாயால் முதலிற் கூறுவித்து, அதன் பின்னரே மறுத்தார். மாற்றானை ஊமையாக்கி நிறுத்தி வெல்பவன் தன் நிழலோடு மல்லாடுபவன். அவ்வருணந்தியாரைத் தமக்கு மாணாக்கராக்கிய சொல் எது எனின், சொல்லே இல்லை என்கின்றது மரபு. ஆணவமலத்தின் இயல்பு யாது என அவர் நின்றபடி வினவ, மெய்கண்டார் வாய் திறவாது அவரையே நோக்கியிருந்தார் என்பது வழிவழிச் செய்தி. சகலாகம பண்டிதர் வினாவிற்கு அவரே விடையாயினார். கேட்போனிடத்து உள்ளதையே எழுப்புதல் என மேலே கூறிய முறைக்கு இதனின் மிக்க சான்று வேண்டுவதில்லை.

கோளைப் பற்றிய சித்தாந்தத் துணிபும் இங்கே நினைக்கத்தக்கது. இருவினை சடம், தானே தன் பயனைக் கொண்டு வந்து உயிரைச் சாராது. இறைவன் ஆணையே அதனைக் கூட்டும் என இரண்டாஞ் சூத்திரம் நிறுவுகின்றது. அவ்வாணையாவது அவனிற் பிரியாத சிற்சத்தி. அற்றேல், கோள்கள் யாவை? ஆணை வழி நின்று வினைப்பயனை ஊட்டும் கருவிகள். முன்வினைக்கேற்பவே தாம் பயன் தருவதாகக் குச்சனூர்க் கதையிற் சனியே கூறுவதும் இதனோடு மாறுபடவில்லை. கோளறு பதிகத்தின் பதினோராம் பாடல் ஆணை என்னுஞ் சொல்லோடு நிற்பதும் எண்ணத்தக்கது. அங்கே அது பிள்ளையார் தம் ஆணையாகவே வருகின்றது. ஆயினும் உள்ளத்திற் புகுந்தவன் சிவன் எனப் பத்துப் பாடலிலும் கூறியபின் வருதலின், அவ்வாணை யாருடையது எனப் பிரித்தறிதல் எளிதன்று.

ஒருவர்க்கு உரைத்த இம்முறை பலர்க்கு உரைக்கும் முறையாக மாறியது 19-ஆம் நூற்றாண்டில். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில், 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். புராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் வழக்கம் முன்னரே உண்டு. ஆயின், ஒரு பொருளை எடுத்து, வாரந்தோறும் ஒரே கிழமையில், எளிய வசனத்திற் பொதுமக்கட்குப் போதித்தல் கிறிஸ்தவப் பாதிரிமார் கையாண்ட முறை. பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியிருந்த நாவலர் அம்முறையை உள்ளிருந்து கண்டவர். கண்டதை வெறுத்து ஒதுக்காமல் சைவத்திற்கு ஆக்கினார். கொல்லாமை, கள்ளுண்ணாமை, சிவலிங்க வழிபாடு, தீக்கை என அவர் எடுத்த பொருள்கள் கேட்போர் அன்றாட வாழ்வைத் தொட்டன. 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. 1854-இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமார்க்கு அவர் விடையிறுத்த வகை கருதத்தக்கது. கோயில், பலி, விளக்கு, தூபம் ஆகியவற்றை அவர் மறைநூலினின்றே எடுத்துக் காட்டி, ஏற்றுக்கொண்டதைப் பழிக்க அவர்க்கு உரிமை யாது எனக் கேட்டார். மாற்றார் ஏற்றதன் மேலேயே நின்று வாதித்தல் ஆகிய பழைய நெறியே அச்சில் ஏறி வந்தது.

அவர்க்குப் பின் வந்தாரிற் சூளைச் சோமசுந்தர நாயகர் வைதிக சைவ சித்தாந்த சண்டமாருதம் எனப் பெயர் பெற்றவர். அவர் மேடையின் வேகத்திற்கு அப்பட்டமே சான்று. சண்டமாருதம் மரத்தை அசைக்கும். விதையை ஊன்றுவது வேறு தொழில். அதனையும் அவர் செய்தார் என்பது மறைமலையடிகள் முதலிய மாணாக்கரால் விளங்கும். ஆயினும் அந்நூற்றாண்டின் கண்டன நூல்களுட் பல, குறிப்பாக அருட்பா மருட்பாப் பிணக்கில் இருசாராரும் எழுதிக் குவித்தவை, தம் பக்கத்தாரைக் கைதட்டச் செய்தனவன்றி மறுபக்கத்தார் ஒருவரையேனும் இணக்கின எனக் கூறுதற்கில்லை. பரிமேலழகர் கூறிய இருபாதியுள் எளிய பாதியோடு அவை நின்றுவிட்டன.

இனிக் குச்சனூர்க்கு வருவோம். ஏறத்தாழ 2½ ஆண்டிற்கொருமுறை சனிப்பெயர்ச்சி நிகழும்போது, ஏழரை, அட்டமம், கண்டகம் என இராசிதோறும் பலன் வகுத்த நூல்களும் பேச்சுக்களும் மழைக்கால ஈசல் போல எழுகின்றன. அவற்றின் சொன்முறையை உற்று நோக்கின், கோளறு பதிகத்தின் சொன்முறையே அது எனக் காணலாம். அங்கும் பட்டியல், இங்கும் பட்டியல். அங்கும் ஒரு சொல் மறித்து மறித்து வரும், இங்கும் வரும். கேட்போன் வாழ்வில் உள்ள நோயும் வறுமையும் பிள்ளைக்கவலையும் இங்கும் எடுத்துக் கொள்ளப்படுகின்றன. வேறுபாடு, எழுப்பப்படுவது யாது என்பதிலே. பட்டியலின் முடிவிற் கேட்போன் சிறுத்துக் கோள் பெருத்து நிற்பின் அது ஒரு வகை. கோள் சிறுத்துக் கேட்போன் நிமிர்ந்து நிற்பின் மற்றொரு வகை. கருவி ஒன்றாயிருத்தலின், பாமரர் இரண்டினையும் ஒன்றெனவே மயங்குகின்றனர். அவர் மேற் குறையில்லை. சைவப் பிரசங்கியாரும் கூட்டம் சேர்தற் பொருட்டு முதல்வகையை ஆளத் தலைப்படுவதே வருந்தத்தக்கது. பரிகாரத்தின் விலையை மட்டும் கூறி, வினையும் ஆணையும் இன்னவென விளக்காது விடுவோர், சந்திரவதனன் தந்தைக்காகத் தன்னைக் கொடுத்த செய்தியையும் கூறாதே விடுகின்றனர். அக்கதையில் எள்ளும் இரும்பும் இருந்தன. சனியை இரங்கச் செய்தது அவையல்ல.

கோள்துன்பம் நீங்கக் கோளறு பதிகம் ஓதும் வழக்கம் தமிழ்நாடெங்கணும் பரவியுள்ளது, நன்றே. ஆயின், கோள்களின் பெயர் முதற்பாட்டில் நிறைந்திருத்தலின், அதனை மட்டும் ஓதி அமைவார் பலர். விலங்கும் நோயும் நமனும் பின்வரும் பாடல்களில் உள்ளன. ஆணையோ பதினோராம் பாடலில் உள்ளது.